முத்திரைச் சாமியும் திரைக்குப் பின்னால் வந்த தெய்வ நாதமும்

விசா அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மேல்மாடிக்குக் கடவுள் குடி வந்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஆறு மணிக்கே படிக்கட்டு நிறையக் கூட்டம். அலுவலகக் கதவு ஒன்பதரைக்குத்தான் திறக்கும். கடவுளோ, பாவம், ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு எடுப்பதில்லை.

பெயர் முத்திரைச் சாமி. ஒட்டிய உறையைக் கையில் வாங்குவார். பிரிக்க மாட்டார். கண்ணை மூடுவார். திரைக்குப் பின்னாலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு நாதம் எழும். கூட்டம் கைகூப்பும். சாமி திரைக்குள் போய் ஒரு நிமிடம் தியானம் செய்துவிட்டு வந்து, உறைக்குள் இருக்கும் தாள்களில் என்ன கோளாறு என்று புட்டுப்புட்டு வைப்பார். பிறகு காணிக்கையை வாங்கிக்கொண்டு, பக்தரின் உள்ளங்கையில் சிவப்பு முத்திரை குத்துவார். அந்தக் கையை மூன்று நாள் கழுவக் கூடாது. அப்புறம் எந்தக் கையால் சாப்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கீழ்க்கடையில்தான் நகல் எடுக்க வேண்டும், அந்தக் கடை உறையில்தான் போட வேண்டும். கடைக்காரர் உறைமேல் ஒரு எண் எழுதித் தருவார். வேறு கடை உறைக்குள் அருள் நுழையாதாம். அருளுக்கும் வாடிக்கையான கடை இருக்கிறது என்பதை உலகம் அன்றுதான் கண்டுகொண்டது.

திங்கட்கிழமை அங்கே ஒரு தையல்காரர் போனார். ஒரு சட்டைக்கு நாலு தடவை நாடா பிடித்து அளக்கிற மனுஷன், சாமியை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. சிவந்த கையோடு வீட்டுக்கு வந்தார்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம், இன்னும் ஐந்து வாரத்தில். மாப்பிள்ளைக்கு இரவு வேலை. கூட இருக்க வேறு ஆளில்லை. அம்மா போய்த்தான் தீரவேண்டும். விசா நேர்காணல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அதை விட்டால் அடுத்த தேதி கிடைக்க ஐந்து மாதம். அதற்குள் பேரப்பிள்ளை பிறந்து குப்புறவே விழுந்துவிடும்.

“புதன்கிழமை போகக் கூடாதாம். தடை இருக்காம்,” என்றார் தையல்காரர் மனைவியிடம். “நாலு வாரம் வந்து முத்திரை வாங்கினாதான் விலகுமாம். தேதியை ரத்து பண்ணிடலாம்.”

“என்னங்க பேசறீங்க? அஞ்சாவது வாரம் நம்ம பொண்ணுக்குப் பிரசவம்.”

“உன் பிறந்த தேதி பாஸ்போர்ட்டுல ஒண்ணு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல ஒண்ணாம். உறையைப் பிரிக்காமலே சொல்றார். எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“உங்களுக்கு ஏன் தெரியலைன்னுதான் நான் கேக்கறேன். ரெண்டு வாரமா தாளு உங்க பையிலதானே கிடக்குது?”

“சாமி விஷயத்துல குறுக்குக் கேள்வி கேக்காத. மீறிப் போயி, பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அந்தக் கடைசி வார்த்தையில் அவருடைய வீட்டுக்காரம்மாவுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. பெற்ற வயிறு அல்லவா. பகுத்தறிவுக்கும் பயம் வரும், ஆனால் அது பயத்தோடு நின்றுவிடாது. “சரி, நாளைக்கு நானும் வரேன். என் கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணலாம்,” என்றார்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் உதவியாளர் வேலை. இருபது வருஷமாக நகல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை மாடிக்கூடத்தில் ஒரு மூலையில் நின்று பார்த்தார். நாதம் எழுந்தது. கூட்டம் கைகூப்பியது. இவர் காதைத் தீட்டிக்கொண்டார். முதலில் ‘ம்ம்ம்’. பிறகு ‘சர்ர்ர்’. கடைசியில் ‘டக்’. சூடாகிற சத்தம், தாளை இழுக்கிற சத்தம், தாள் தட்டில் விழுகிற சத்தம். தெய்வ நாதத்துக்கு உருளை தேய்ந்துபோயிருக்கிறது, சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிட்டது.

பேசாமல் கீழே இறங்கினார். தன் தாள்களுக்கு நகல் எடுத்தார், எண் போட்ட உறையை வாங்கிக்கொண்டார். தாள்களைக் கைப்பைக்குள் வைத்தார். “சட்டையெல்லாம் நூலா இருக்கே,” என்று கணவரின் சட்டையைத் தட்டிவிடுகிற சாக்கில் அதன் பையிலிருந்த ஓர் அளவுச் சீட்டை உருவி, உறைக்குள் போட்டு ஒட்டினார்.

சாமி உறையை வாங்கினார். கண்ணை மூடினார். நாதம், திரை, தியானம் எல்லாம் முறையாக நடந்தன.

“பிறந்த தேதியில முரண்பாடு. மாப்பிள்ளை அனுப்பின கடிதத்துல கையெழுத்து இல்ல. பெரிய தடை இருக்குது தாயே.”

தையல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரம்மா உறையை வாங்கி எல்லோருக்கும் முன்னால் பிரித்தார்.

“சாமி, இதுல பிறந்த தேதி எங்க இருக்கு? இடுப்பு நாப்பத்தாறு, காலர் பதினேழு, பட்டன் ஆறுன்னுதான் எழுதியிருக்கு.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரரின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. ஆனால் சாமி லேசுப்பட்டவரா?

“உறையில என்ன இருந்தா என்ன? நான் உன் மனசைப் படிச்சேன்.”

கூட்டம் ‘ஆகா’ என்று மறுபடி கைகூப்பியது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாமல் துடைத்துவிடத்தான் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே.

“அப்படியா? இப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க.”

சாமி மறுபடி கண்ணை மூடினார்.

“திரையை இழுக்கணும்னு இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்காரம்மா இழுத்துவிட்டார்.

உள்ளே ஒரு பிரிண்டர். கீழ்க்கடை இயந்திரத்திலிருந்து சுவரோடு ஒட்டி ஒரு கம்பி. கீழே நகல் எடுத்த ஒவ்வொரு தாளும், எண் வாரியாக, இங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ‘ம்ம்ம், சர்ர்ர், டக்’ என்று அடுத்த தாள் வந்து விழுந்தது.

வரிசையில் அடுத்து நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். “யோவ், அது என் மூஞ்சிய்யா.”

சாமி பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிய வேகத்துக்கு விசாவே தேவைப்படவில்லை. கீழே கடைக்காரரும் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார். அவர் சாமிக்கு மச்சான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தையல்காரர் தலை குனிந்து நின்றார். “அப்ப அந்தத் தேதிக் கோளாறும் பொய்யா?”

“அது நிஜந்தாங்க. தாள்லயே இருக்கு. அவர் படிச்சார், நாம படிக்கல. அவ்வளவுதான் அவரோட அருள்.”

அன்று மத்தியானமே நோட்டரி வக்கீலிடம் போய்ப் பிறந்த தேதிக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கடிதத்தைப் புதிதாக அனுப்பினார். தையல்காரர் துணி சோப்பைப் போட்டு உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவினார். புதன்கிழமை விசா அதிகாரி தேதியைப் பற்றிக் கேட்டார், பத்திரத்தைப் பார்த்தார், “போய்ட்டு வாங்கம்மா” என்றார். நாலு வாரத் தடை நாலு நிமிடத்தில் தீர்ந்தது. வீட்டுக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தால் வாசலில் நேற்றைய கூட்டம். லாரி டிரைவர்தான் முன்னால் நின்றார்.

“அம்மா, சாமியையே ஜெயிச்சவங்க நீங்க. உங்களுக்குத்தான் நிஜமான சக்தி. என் உறையை ஒரு தடவை தொட்டுக் குடுங்கம்மா.”

பின்னால் இருபது உறைகள் நீண்டன.

வீட்டுக்காரம்மா அவர் உறையை வாங்கினார். சர்ரென்று கிழித்தார். தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

“முதல்ல நீங்க படிங்க. கண்ணைத் திறந்துக்கிட்டு.”