டீசலுக்காக ஏற்றிய உப்பு

வாங்கினால் டீசல் பிக்கப் வண்டி, இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க நடைதான் என்று டெல்மர் சபதம் செய்துவிட்டார். சபதம் செய்த இடம் குளியலறை. வெளியே வந்து மனைவி நெட்டியிடம் சொல்வதற்குள் அது பாதியாக இளைத்துவிட்டது.

"டீசலா எடுத்தா என்னன்னு ஒரு யோசனை..."

"எதுக்கு? என் நாலு குதிரையை மாசத்துல ரெண்டு தடவை ரோடியோ குதிரைப் போட்டிக்கு இழுத்துட்டுப் போகணும். அதுக்குப் பெட்ரோல் வண்டியே ஜாஸ்தி."

"மலை ஏத்தத்துல பெட்ரோல் திணறிடும், நெட்டி!"

"வயோமிங் குளிர்ல உன் டீசல் உறைஞ்சு கூழாயிடும். விடியக்காலையில எழுந்து யாரு அதுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கிறது?"

வாயால் நெட்டியை ஜெயிக்கிற ஆள் அந்த மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் டெல்மருக்கு இது மானப் பிரச்சினை. தீவனக் கடையில் காலைக் காபிக்குக் கூடும் ஆறு பேரில் ஐந்து பேர் டீசல்காரர்கள். அவர்கள் வண்டியைக் கிளப்பினால் கடைக் கண்ணாடி கடகடக்கும். இவர் தம் பழைய பெட்ரோல் வண்டியைக் கிளப்பினால், "என்ன டெல்மர், தையல் மெஷின் ஓடுதா?" என்பார்கள். பாவம், மனுஷனுக்குக் காபி தொண்டையில் இறங்குமா?

கடைசியில் நெட்டியே ஒரு வழி சொன்னாள். வண்டி விற்கும் ஹார்லனைப் புது பெட்ரோல் பிக்கப் ஒன்றோடு வரச் சொல்வது. பின்னால் நாலு குதிரையோடு ட்ரெய்லரை மாட்டுவது. அவர்கள் மாடு மேயும் மலை உச்சிக்கு நிற்காமல் ஏறினால் பெட்ரோல். நடுவில் நின்றால் டீசல்.

டெல்மர் சட்டென்று தலையாட்டினார். மறுநாள் காலை, நெட்டி குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போன சமயம் பார்த்து, மாடுகள் நக்குவதற்கு வைக்கிற உப்புக்கட்டிகளைத் தூக்கி வந்தார். ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டு. நாற்பதை ட்ரெய்லரில் சேணம் வைக்கிற அறைக்குள் அடுக்கிப் பூட்டினார். இடுப்பு கழன்றுவிட்டது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு!

நெட்டி ஓட்டினாள். பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. பின்சீட்டில் ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார். 'நில்லு, நின்னுடு ராசா' என்று டெல்மர் மனசுக்குள் வண்டியைக் கெஞ்சினார். பாழாய்ப்போன வண்டி நிற்கவில்லை. முக்கி முனகி உச்சிக்கே வந்து சேர்ந்தது.

"பாத்தியா!" டெல்மர் கீழே குதித்தார். "நாலு குதிரைக்கே இந்தக் கத்து கத்துதே, இது உருப்படுமா?"

நெட்டி போய்ச் சேண அறையைத் திறந்தாள்.

"நாலு குதிரை, நாப்பது உப்புக்கட்டி. கொட்டகை ஓரமா நின்னு எண்ணிட்டுதான் இருந்தேன். எனக்கே உள்ளூர பயம்தான். ரெண்டாயிரம் பவுண்டு கூட வச்சும் ஏறிடுச்சே! ஹார்லன், பெட்ரோலே எழுதுங்க."

இனி எதைச் சொன்னாலும் பெருமை பெட்ரோலுக்கே போகும். டெல்மர் ஈனசுரத்தில் கேட்டார்.

"பாத்த உடனேயே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஏன் சொல்லணும்? இந்த மேல் மேய்ச்சலுக்கு உப்பு கொண்டு வான்னு மூணு வாரமா கெஞ்சினேன், இடுப்பு வலின்னே. வேலி ஓரமா இறக்கு செல்லம், மாடுங்க காத்துட்டிருக்கு."