கோப்பிக்கு விழுந்த ஓட்டு

சில அப்பாக்களுக்குப் பிள்ளை பிறந்ததும் பொறுப்பு வரும். எனக்கு அறிவு வந்தது. அது எவ்வளவு ஆபத்து என்று என் மாமியார் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பில், நான் தேர்தல் முறைகளைப் பற்றி வீடியோ பார்த்துத் தீர்த்தேன். (டயபர் மாற்றத் தெரியாது; ஓட்டு எண்ணத் தெரியும்.) அப்போதுதான் பெயர் சூட்டும் நாள் வந்தது. என் வீட்டார் நால்வரும் 'முத்துமாரி' என்றார்கள். மனைவி தேவியின் வீட்டார் நால்வரும் 'விசாலாட்சி' என்றார்கள். ஆங் மோ கியோ வட்டாரத்து அடுக்குமாடியில் எங்கள் வீட்டு ஹாலே ரணகளமானது.

"ஓட்டுப் போடுவோம்," என்றேன்.

"நாலுக்கு நாலு. எப்படி லா ஜெயிக்கிறது?" என்றார் மாமனார்.

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! ஆளுக்கொரு ஓட்டு என்பதெல்லாம் பழைய கதை, பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. இரண்டே பெயர் இருந்தால் அது என்ன வரிசை? ஒப்புக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். கையில் ஒரு டம்ளர் கோப்பி இருந்தது. சீட்டில் 'கோப்பி' என்று எழுதிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, லிட்டில் இந்தியாவில் மாலை வாங்கிக்கொண்டு வெயிலில் வெந்து வந்தார் என் தாய்மாமா. "எது வேணும்னு போடுங்க மாமா," என்று அவர் கையிலும் ஒரு சீட்டைத் திணித்தேன்.

எண்ணினேன். எட்டுப் பேரும் தங்கள் பெயரை முதலிலும் எதிராளியின் பெயரைக் கடைசியிலும் போட்டு, நடுவில் கோப்பியைச் செருகியிருந்தார்கள். மூன்றுக்கும் சரிசமமான புள்ளி. மாமாவின் சீட்டில் மட்டும் கோப்பிக்கு முதலிடம். மற்ற இரண்டும் காலி.

"என்ன மாமா இது?"

"குடிக்க என்ன வேணும்னுதானே கேட்டே? முத்துமாரின்னு ஒரு ஜூஸ நான் கேள்விப்பட்டதே இல்ல. கோப்பிக்குச் சீனி கம்மியா போடச் சொல்லு."

ஆக, என் மகளின் பெயர் கோப்பி. அம்மா அழத் தொடங்கினார். பயத்தில் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்: விகிதாசார முறை. வாங்கிய புள்ளிக்கு ஏற்ப ஆளுக்குக் கொஞ்சம் எழுத்து. முத்து விசா கோப்பி.

"மாப்ள, பிள்ளைக்குப் பேர் வைக்கிறீங்களா, இமிகிரேஷன் கவுண்டர் திறக்கிறீங்களா?" என்றார் மாமனார்.

அறைக் கதவு திறந்தது. பிள்ளையோடு தேவி நின்றாள். அவளுக்குச் சீட்டே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

"பேரு நிலா," என்றாள். "இப்ப எண்ணுங்க பார்ப்போம்."

யாரும் எண்ணவில்லை.

பிறப்புச் சான்றிதழில் நிலாதான். வீட்டில் யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? அவளுக்கு இப்போது ஏழு வயது. மாமா எப்போது வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "கோப்பி!" என்று குரல் கொடுப்பார். என் மகள் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். குடிக்கிற கோப்பிதான் மனுஷனுக்கு இன்றுவரை வந்தபாடில்லை.