ஒயிலுக்குக் காவல் இருந்த கதிரை

பரந்தன் சந்தியில் தொடங்கி முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் தேடினாலும், கதிரை அண்ணையைப் போலச் சந்தேகப்படத் தெரிந்த ஒரு மனிதரை நீங்கள் காணமாட்டீர்கள். நாங்கள் எல்லோரும் சாதாரணமாகச் சந்தேகப்படுகிறவர்கள். மீன்காரரின் தராசை ஒரு தடவை எட்டிப் பார்ப்போம், அதோடு சரி. அண்ணை அப்படியில்லை. உட்கார்ந்து சந்தேகப்படுவதற்கென்றே அவர் ஒரு கதிரை வைத்திருந்தார்.

நீல நிறப் பிளாஸ்ரிக் கதிரை. உடைந்த ஒரு கைப்பிடியைக் கம்பியால் கட்டியிருந்தார். அவர் ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவர். கதிரையும் அந்த ஓட்டோவின் பின் இருக்கையில்தான் போய்வரும். தூரத்தில் பார்ப்பவர்கள் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் காட்டாமல் விட்டுவிடுவார்கள். அப்படி எத்தனையோ ஹயர் தவறிப் போயிருக்கிறது. அண்ணை கவலைப்பட்டதில்லை.

கதிரை வந்ததற்குக் காரணம் ஆனையிறவு. ஒருநாள் மத்தியான வெயிலில், ஒரு பெட்டி மீனையும் அதற்குரிய அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, ஆனையிறவுப் பாதையின் நட்டநடுவில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. மீனும் மணக்கத் தொடங்கியது, அம்மாவும் பேசத் தொடங்கினார். கழற்றிப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் சேர்விஸ் செய்த கராஜில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினில் இருந்து கழித்த பழைய ஒயிலை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள்.

அண்ணை அந்தக் கராஜுக்குப் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாராம்: "கடல் தண்ணியில விளக்கெரியிறது வற்றாப்பளை அம்மனுக்கு மட்டும்தான். என்ர இஞ்சின் அம்மன் இல்லை."

அடுத்த சேர்விசுக்குக் கதிரையோடு போனார். வேறு கராஜ். மெக்கானிக்கின் முழங்கைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சாரத்தை ஒதுக்கி, ஆறுதலாக இருந்தார். ஒயில் கானைத் தானே கொண்டுவந்திருந்தார். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். திறந்ததும் மூக்கருகே பிடித்து மணந்தார். ஒரு சொட்டை விரலில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். பிறகுதான் ஊற்றலாம் என்று தலையாட்டினார். வேலை முடிந்ததும் வெறும் கானை அங்கேயே இரண்டாக வெட்டினார். முழுக் கானாக விட்டால் அதற்குள் பழைய ஒயிலை நிரப்பி இன்னொருவனை ஏமாற்றுவார்களாம். வெட்டிய பாதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மண் போட்டு மிளகாய்க் கன்று வைத்தார். எங்கள் ஒழுங்கையில் அவர் தந்த கன்று இல்லாத வீடே கிடையாது. எங்கள் குசினிகளில் கறி உறைத்தால், "ஒயில் மிளகாய்" என்றுதான் சொல்லுவோம்.

இந்தப் பழக்கம் கராஜோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கு சேலைன் ஏற்ற வந்த நேர்ஸிடம், போத்தலை ஒருதரம் காட்டச் சொல்லிக் கேட்டவர் அவர். கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க முன்னம் சமையல் கொட்டிலுக்குப் போய் எண்ணெய் ரின்னைப் பார்ப்பார். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் என் மனைவிக்குச் சொன்னா: "என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இந்த மனுசன் இப்பிடித்தான் பிள்ளை. கதிரையில இருந்து அசையேல்லை. தேத்தண்ணியை மணந்து பாத்திட்டுத்தான் குடிச்சது."

நான் அவருக்கு நேர் எதிர். கூட்டுறவுக் கடையில் சாமான் நிறுக்கிற ஆள். யாரிடமும் ஒன்றைக் கேட்க எனக்குக் கூச்சம். என் மோட்டார் சைக்கிளைச் சேர்விசுக்கு விட்டால், என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்க வாய் வராது. கேட்டால் அந்த மனிதர் மனம் நோகுமே என்றிருக்கும். முடி வெட்டுகிறவர் ஒரு பக்கத்தை மறந்துவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வருகிறவன் நான்.

அண்ணையின் கதிரைக்குப் பயந்து ஒவ்வொரு கராஜாக அவரை வேண்டாம் என்றார்கள். கடைசியில் மிஞ்சியது ரஞ்சனின் கராஜ் மட்டும்தான். ரஞ்சன் பொறுமையான பையன். கதிரையையும் பொறுத்துக்கொண்டான், ஒயில் மணப்பதையும் பொறுத்துக்கொண்டான். ஆனால் மற்றவர்களும் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஒருவர் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்தார். இன்னொருவர் மடக்குக் கதிரை. ஒரு காலைநேரம் நான் போனபோது, கராஜுக்குள் வரிசையாக ஆட்கள் இருந்து ரஞ்சனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சங்கக் கூட்டம் போலிருந்தது. வெற்றிலைத் தட்டம் மட்டும்தான் இல்லை.

அன்றைக்கு ரஞ்சனுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லோரையும் எழுப்பி அனுப்பினான். அண்ணையிடம் மட்டும் மரியாதையாகச் சொன்னான்: "அண்ணை, ஓட்டோ வரலாம். ஒயில் கானும் வரலாம். கதிரையும் நீங்களும் வரக்கூடாது."

அண்ணைக்கு இது பெரிய இடி. ஓட்டோவுக்குச் சேர்விஸ் நேரம் வந்துவிட்டது. வேறு கராஜ் இல்லை. அந்த ஓட்டோவில்தான் வீட்டுச் சோறு, அதில்தான் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது. இன்னொரு தடவை இஞ்சின் இறுகினால் புது இஞ்சின் போட அவரால் முடியாது.

அவர் என்னிடம் வந்தார். "தம்பி, எனக்குப் பதிலா நீர் போய் நில்லும். நீர் சாதுவான ஆள், உம்மை அவன் கலைக்கமாட்டான். கண்ணை மட்டும் எடுக்காதையும்."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். ஓட்டோவையும் புதுக் கானையும் எடுத்துக்கொண்டு போனேன். ரஞ்சன் பழைய ஒயிலைக் கழித்தான். கானை எடுத்தான். அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அவ்வளவுதான். வேலை செய்கிற ஒரு மனிதனின் கையை எப்படி உற்றுப் பார்ப்பது? நான் முகத்தைத் திருப்பி றோட்டால் போகிற பஸ்ஸைப் பார்த்தேன். திரும்பியபோது ஊற்றி முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை வாசலிலேயே கேட்டார். "பாத்தனீரோ?"

"கானைப் பாத்தனான் அண்ணை."

"ஊத்தினதை?"

"பஸ்ஸைப் பாத்தனான்."

அவர் நான் கொண்டுவந்த வெறும் கானை வாங்கி, இரண்டாக வெட்டி, ஓட்டோவுக்குள் போட்டார். பிறகு இஞ்சினை இயக்கி, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, சத்தத்தைக் கேட்கத் தொடங்கினார். அன்று பின்னேரம் முழுக்கக் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். ஓட்டோ முற்றத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்க, பிள்ளைகள் புத்தகப்பையோடு நடந்து போனார்கள். சத்தம் தாங்காமல் அக்காதான் ரஞ்சனுக்கு ஆள் அனுப்பினா.

ரஞ்சன் கை கழுவாமலே வந்தான். கோபத்தில் அவன் குரல் இன்னும் தணிந்துவிடும். "அண்ணை, ஓட்டோவை எடுங்கோ. ஆனையிறவுக்கு ஒருக்கால் போயிட்டு வருவம். நானும் பின்னால இருக்கிறன். இஞ்சின் நிண்டால் நான் தள்ளுறன். நிக்காட்டில், இனி என்ர கையை நீங்கள் பாக்கக்கூடாது."

அண்ணை யோசித்தார். "கதிரை எங்க இருக்கும்?"

"என்ர மடியில."

சாட்சிக்கு என்னையும் ஏற்றினார்கள். பரந்தனைத் தாண்டியதும் உப்பளக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியது. இஞ்சின் தேன்போல ஓடியது. ரஞ்சன் கதிரையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் புன்னகைத்தான். ஆனையிறவுப் பாதையின் நடுப்பகுதிக்கு வந்தோம். ஓட்டோ இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

அண்ணை மெதுவாகத் திரும்பினார். அப்படி ஒரு திருப்தியை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை. "நான் சொன்னனான்," என்றார்.

ரஞ்சனின் முகம் செத்துப்போனது. இறங்கி ஓடி, ஒயில் அளக்கும் கம்பியை உருவினான். அண்ணையும் குனிந்தார். ஒயில் சரியான அளவில், சுத்தமாக இருந்தது. அண்ணை மணந்தார். விரலில் தேய்த்தார். திரும்பவும் மணந்தார். அவருடைய திருப்தி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ரஞ்சன் எதையோ யோசித்தவன் போலப் பெற்றோல் தாங்கியைத் திறந்தான். ஓட்டோவை இரண்டு பக்கமும் ஆட்டினான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணை, கடைசியா எப்ப பெற்றோல் அடிச்சனீங்கள்?"

இரண்டு நாளாக முற்றத்தில் இஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்ட மனிதர், உப்பளத்தைப் பார்த்தார்.

நான் பஸ்ஸில் போய் பெற்றோல் வாங்கி வருகிறேன் என்றேன். அதற்கு ஒரு கான் வேண்டும். ஓட்டோவுக்குள் இருந்த ஒரே கான் இரண்டு பாதியாகக் கிடந்தது. ரஞ்சன் அந்தப் பாதிகளைக் கையில் எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான். பிறகு கீழே வைத்துவிட்டு, ஓட்டோவின் பின்பக்கம் போனான்.

"நிண்டால் தள்ளுறன் எண்டு சொன்னனான்தானே."

தள்ளினோம். ரஞ்சனும் நானும் பின்னால், அண்ணை பக்கத்தில் நடந்துகொண்டே கைபிடியைத் திருப்பினார். பின் இருக்கையில் கதிரை மட்டும் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக வந்தது. எங்களைக் கடந்து போன பஸ்ஸின் கொண்டக்டர் தலையை நீட்டி, "அண்ணை, கதிரைக்கு ஒரு சீற் இருக்கு, ஏத்தட்டோ?" என்று கேட்டான். முதலில் சிரித்தது அண்ணைதான். பிறகு எங்களால் தள்ளவே முடியவில்லை. கடைசியில் உப்பு ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய்ப் பரந்தனில் விட்டார்.

அடுத்த சேர்விசுக்கு அண்ணை கதிரையைக் கொண்டுபோய் ரஞ்சனின் கராஜுக்குள் வைத்தார். ரஞ்சன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது இஞ்சயே கிடக்கட்டும்," என்றார் அண்ணை. "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

தேத்தண்ணிக் கடை கராஜுக்கு நேர் எதிரேதான். ஆனால் அவர் கராஜுக்கு முதுகைக் காட்டி இருந்தார். கழுத்து மட்டும் அடிக்கடி துடித்தது. திரும்பவில்லை.

இப்போது அண்ணையும் அக்காவும் வவுனியாவில் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். அங்கே எந்தக் கராஜ் என்ன பாடுபடுகிறதோ தெரியாது. போன கிழமை நான் மோட்டார் சைக்கிளைச் சேர்விசுக்குக் கொண்டுபோனேன். நீலக் கதிரை அதே இடத்தில் இருந்தது. அதில் ஒருவரும் இருப்பதில்லை. ரஞ்சன் புதுக் கானை எடுத்தான். அதன் சீல் உடையாத மூடியைக் கதிரைப் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டு, பிறகுதான் திறந்தான்.