யோகம் அக்காவுக்காக நான் மலையேறிய கதை

எனக்கு அடுத்தவர்களுக்கு உதவுவது பிடிக்கும். உதவும்போது நாலு பேர் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். இதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. முப்பத்தியொரு வயதில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம். காலையில் நடைப்பயிற்சிக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். இருபது நிமிடம் நடப்போம். பிறகு முக்கால் மணி நேரம் உளுந்த வடையும் டீயுமாக உட்கார்ந்து உடல்நலத்தைப் பற்றிப் பேசுவோம். குழுவின் தலைவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் சுபேதார்தான். எங்களில் நிஜமாகவே நடப்பவர் அவர் ஒருவர்.

அந்த யோசனையும் அவருக்குத்தான் வந்தது. பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில், போரில் தப்பி வந்த பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து தையல் கூடம் ஒன்று நடத்தினார்கள். பள்ளிச் சீருடை, நைட்டி, தலையணை உறை. அவர்களுக்கு நல்ல மெஷின்கள் வேண்டியிருந்தன.

"சும்மா நோட்டை நீட்டி வசூல் பண்ண வேண்டாம்லே. அய்யனார் கோவிலுக்கு மேல பெரிய பாறை வரைக்கும் ஏறுவோம். ஏறுதவனுக்காக அவனவன் சொந்தக்காரன் நன்கொடை குடுக்கட்டும். அந்தப் பொம்பளைகளும் நம்ம கூட வரட்டும்" என்றார் சுபேதார்.

வனத்துறையிடமும் முகாம் அதிகாரியிடமும் அவரே அலைந்து அனுமதி வாங்கினார். ஒரே ஒரு நிபந்தனை. மாலை ஆறு மணிக்குள் எட்டுப் பெண்களும் முகாமில் இருக்க வேண்டும். அன்று ஆள் சரிபார்ப்பு. அந்த நேரத்தில் இல்லாதவர்களுக்குப் பதிவில் சிக்கல் வரும், உதவித்தொகை நிற்கும். "நான் பொறுப்பு" என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டது நான். விளம்பரத்துக்கு யார் என்று கேட்டபோதும் என் கைதான் தானாகத் தூக்கிக்கொண்டது.

படம் எடுக்கத் தையல் கூடத்துக்குப் போனேன். அதை நடத்துபவர் யோகேஸ்வரி. ஐம்பதை ஒட்டிய வயது, எல்லோருக்கும் யோகம் அக்கா. வெள்ளைத் துணி வெட்டிக்கொண்டிருந்தவர், பஞ்சு விழுந்த கண்ணைக் கசக்கியபடி நிமிர்ந்தார். ஒரு சொட்டு நீர் கன்னத்தில் இறங்கியது. விடுவேனா? எடுத்துவிட்டேன்.

"எத்தனை பிள்ளைங்க அக்கா?"

"ஒரு மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில காலேஜ் படிக்கிறாள்."

"வீட்டுக்காரர்?"

"அவர் இஞ்ச இல்லை" என்றார் அக்கா. "இருங்கோ, தேத்தண்ணி போடட்டே?"

நான் 'இஞ்ச' என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு, 'இல்லை'யை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் துருவிக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன். (கேட்பதை அநாகரிகம் என்று நினைத்தவன், அதை ஊர் பார்க்க எழுதி வைப்பதை என்னவென்று நினைத்தானோ தெரியவில்லை.)

பத்தடி அகல ஃப்ளெக்ஸ். நடுவில் கண்ணீரோடு அக்கா. மேலே என் சொந்தக் கற்பனையில் உதித்த வாசகம்: 'போரில் கணவனை இழந்த இந்த அபலைத் தாயின் கண்ணீர் துடைக்க மலையேறுவோம், வாரீர்!' கீழே மூலையில் நான். கறுப்புக் கண்ணாடி, கையில் ஊன்றுகோல், பின்னால் பனிமலை. (நம் பக்கத்து மலையில் பனி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஸ்டுடியோக்காரரிடம் வேறு மலை இல்லை.)

செல்போனில் அதைப் பார்த்த என் மனைவி செல்வி, "அந்தம்மா எதுக்கு அழுதாக?" என்றாள்.

"அழலை. கண்ணில பஞ்சு."

"பொறவு எதுக்குக் கண்ணீர்னு போட்டிருக்கீக?"

"உனக்கு விளம்பரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன்.

மலையேற்றத்துக்கு முதல் நாள் மதியம் ராஜபாளையத்தில் இரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒன்று என மூன்று ஃப்ளெக்ஸும் கட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை அடிவாரத்தில் கூடினோம். என் காலில் அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்த மலையேற்ற ஷூ. முதுகுப் பையில் கயிறு, விசில், குளுக்கோஸ், டார்ச் (பகல் மூன்று மணிக்கு இறங்கிவிடுவதாகத் திட்டம்), கம்பெனியில் கேட்டு வாங்கிய பேண்டேஜ் சுருள்கள் இருபது. பெண்கள் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். யோகம் அக்கா கையில் ஒரு வயர் கூடை, அதில் எல்லோருக்கும் சாப்பாடு.

"அக்கா, மேடு கஷ்டமா இருக்கும். முடியலைன்னா வெட்கப்படாம எங்கிட்ட சொல்லணும். மூச்சை மூக்கால இழுத்து வாயால விடணும்" என்று செய்து காட்டினேன்.

"ஓம் தம்பி" என்றார். அன்று காலை அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் இருபது நிமிடம் நான்தான் முன்னால். இருபத்தோராவது நிமிடம் என் உடம்பு பழக்கதோஷத்தில் வடை கேட்டது. ஓடையைத் தாண்டும்போது ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, அடிக்கு ஒரு தரம் தவளைபோலக் கத்தியது. மேடு தொடங்கியதும் பத்தடிக்கு ஒருதரம் நின்று, "இயற்கையை ரசிக்கணும்" என்றேன்.

"எம்புட்டு நேரம்லே ரசிப்ப?" என்று மேலேயிருந்து சுபேதார் குரல் கொடுத்தார்.

கயிறு ஒருவரிடம் போனது. தண்ணீர் பாட்டில் இன்னொருவரிடம். கடைசியில் பையே யோகம் அக்காவின் தோளுக்குப் போனது. பெரிய பாறை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் என் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. நான் போட்ட சத்தத்தில், எங்களுக்குத் துணையாக வந்திருந்த வனக்காவலர், "யானையா, யானையா?" என்று மேலேயிருந்து ஓடி வந்தார். வந்து பார்த்தால் நான் புல்லில் மல்லாந்து கிடக்கிறேன்.

"நீங்கள் எல்லாரும் போங்கோ, நான் பாக்கிறன்" என்றார் யோகம் அக்கா. மற்றவர்கள் பாறைக்குப் போனார்கள். அக்கா என் ஷூவைக் கழற்றி, கால்விரல்களை மடக்கி, கெண்டைக்காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். வலி மெல்ல இறங்கியது.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்க அக்கா."

"என்ர மனுசன் செத்தவர் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

தேய்க்கும் கை நிற்கவில்லை. குரலில் கோபமும் இல்லை. துணிக்கு அளவு கேட்கிற குரல். நான் வாயைத் திறந்தேன். வந்த பதில், இன்றுவரை நினைத்தால் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிற பதில்: "நீங்கதானே அக்கா இல்லைன்னு சொன்னீங்க?"

"இஞ்ச இல்லை எண்டுதான் சொன்னனான்." சேலை மடிப்பிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். மகள் முந்தின நாள் சாயங்காலம் அனுப்பிய படம். பஸ் ஸ்டாண்ட், ஃப்ளெக்ஸ், என் பனிமலை. "சண்டை நேரம் அவரைப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அவர் திரும்பி வரேல்லை. செத்ததெண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. ஊரில சொந்தக்காரர் காரியம் செய்யச் சொல்லிச்சினம், நான் விடேல்லை. இவ்வளவு வருசமா அந்தச் சொல்லை ஒருத்தரையும் சொல்ல விடேல்லை தம்பி. நேற்று என்ர பிள்ளை அதுக்குக் கீழ நிண்டுதான் பஸ் ஏறினவள்."

எனக்குக் கால் வலி மறந்துபோனது. "தெரிஞ்சும் ஏன் அக்கா இன்னைக்கு வந்தீங்க? வராம இருந்திருக்கலாமே?"

"மெசின் வேணுமே தம்பி. எட்டுப் பேர் இருக்கிறம்" என்றவர், அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் பாறையிலிருந்து எங்களிடம் இறங்கி வந்தபோது மணி இரண்டரை. என்னால் நிற்க முடியவில்லை. "என்னை விட்டுட்டுப் போங்க, உங்களுக்கு நேரமாகும்" என்று தியாகி மாதிரி சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பேண்டேஜ் சுருளைப் பிரித்துப் பாதத்திலிருந்து தொடை வரை இறுக்கிக் கட்டினார்கள். இரண்டு பெண்கள் என் கைகளைத் தங்கள் தோளில் போட்டுக்கொண்டார்கள். வழுக்குகிற இடங்களில் நாலு பேர் சேர்ந்து என்னை அப்படியே தூக்கிக் கீழே வைத்தார்கள். ஒரு சொல் பேசாமல், யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்காமல்.

"எப்படிம்மா இம்புட்டு லாவகமாத் தூக்குதீக?" என்று ஆச்சரியப்பட்டார் சுபேதார்.

"பழக்கம் ஐயா" என்றார் ஒரு பெண். சொல்லிவிட்டு அடுத்த வழுக்கலுக்கு என் காலைப் பிடித்தார்.

வேன் முகாம் வாசலை அடைந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எட்டுப் பேரும் இறங்கி ஓடினார்கள். நான் மட்டும் வேனில், எங்கள் கம்பெனி விளம்பரத்தில்கூட யாருக்கும் சுற்றியிராத அளவு பேண்டேஜோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் செல்வியிடம் சொன்னேன். அவள் உடனே ஸ்கூட்டியை எடுத்தாள். ராஜபாளையத்தில் இரண்டையும் கழற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டீக்கடையில் ஏணி இரவல் வாங்கி அவள் ஏற, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். (உண்மையில் ஏணிதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.) பணியில் இருந்த போலீஸ்காரர் வந்தார்.

"யாருய்யா அது, பேனரைக் கழட்டுதது?" மூலைப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீதான?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

அவர் நிதானமாக ஒருமுறை வாசித்துவிட்டு, "எழுத்தெல்லாம் சரியாத்தான இருக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் சுருட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். அக்காவின் கண் முன்னால் எரித்துவிடுவதாக உத்தேசம். தீப்பெட்டிகூட வாங்கியிருந்தேன்.

"ஏன் எரிக்கிறியள்? நல்ல ஷீட்" என்று வாங்கிக்கொண்டார் அக்கா. தையல் கத்தரியை எடுத்து, மூன்றிலும் அந்த ஒரு வரியை மட்டும் நேர்க்கோடாக வெட்டி எடுத்தார். வெட்டிய துண்டுகளை என் கையில் கொடுத்தார். மிச்சத்தை ஒழுகுகிற அடுப்படிக் கூரைக்கு, படம் உள்பக்கமாக வைத்துக் கட்டச் சொன்னார். "சமைக்கேக்க உங்களைத்தான் பாக்கப்போறன்" என்றபோது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அவருடைய மகள் வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் போகும்போதும் நிமிரவில்லை, வரும்போதும் நிமிரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "சரி தம்பி" என்றார் அக்கா. 'சரி' வேறு, 'மன்னிச்சிட்டன்' வேறு. அந்த வித்தியாசமாவது எனக்கு அன்று புரிந்தது.

மெஷின்கள் வந்துவிட்டன. தையல் கூடம் இப்போதும் ஓடுகிறது. அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. பார்க்கும்போதெல்லாம் அவரைப் பற்றி விசாரிக்கிறேன். "அங்க எழுதிக் கேட்டிருக்கிறம்" என்பார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி தங்கிவிட்டது. யாருக்காவது ஏதாவது செய்யலாம் என்று நான் வாயெடுத்தால் போதும், செல்வி சமையலறையிலிருந்தே, "அவுககிட்டக் கேட்டீகளா?" என்பாள். மைத்துனன், மாமியார், என் ஆபீஸ்காரர்கள் வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் எதிர்வீட்டு வாத்தியார் ஓய்வு பெற்றார். தெருவே சேர்ந்து பெரிய பாராட்டு விழா நடத்தலாம் என்று சாப்பிடும்போது ஆரம்பித்தேன். ஆறு வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, அந்தத் தாத்தாகிட்டக் கேட்டீகளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"வேண்டாம்ப்பா" என்றார் வாத்தியார், பெரிய நிம்மதியோடு.