என் வாயால் அவள் கதை

நூலகத்தில் ஊரார் கதையெல்லாம் குரலாகப் பதிந்து வைக்கும் பெண்ணுக்கு, மாடி வீட்டுப் பாட்டி எழுதுவது. நான் நலம், முழங்காலைப் பற்றிக் கேட்காதே. நீயும் நலமாக இரு, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரைக்குமாவது.

கண்ணு, எனக்கு ஒண்ணுமே புரியவில்லை. நீதானே என் தோளில் மைக்கைக் குத்திவிட்டு, "பாட்டி, தையல் கம்பெனியில வேலை பார்த்த கதையைச் சொல்லுங்க" என்றாய்? சொன்னேன். எனக்கென்று ஒதுக்கின ஜன்னலோர மிஷினில் முதல் நாளே என் நாத்தனார் போய் உட்கார்ந்துகொண்டாளே, அதில் ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிற்குமா? துணி வெட்டுகிற என் கத்தரிக்கோலால் அவள் நகம் வெட்டினது, கோணலாகத் தைத்த காலரையெல்லாம் என் குவியலில் செருகினது, அதுக்கு மேஸ்திரி என்னைத் திட்ட, நான் அழ, அவள் பாட்டுப் பாடினது, ஒண்ணு விடாமல் சொன்னேன். நீயும் தலையைத் தலையை ஆட்டினாய்.

நேற்று நூலகத்தில் நீங்கள் வைத்த கண்காட்சிக்கு முழங்காலை இழுத்துக்கொண்டு படியேறி வந்தால், சுவரில் அவள் படம்! கீழே "ஜன்னலோரத் தையல்காரியின் வாழ்க்கை" என்று எழுத்து. ஹெட்போனை மாட்டினால் உள்ளே என் குரல்! நான் பேசினதில் முக்கால்வாசி அவளைப் பற்றித்தானாம், அதனால் அது அவள் கதையாம், வாசல் காவல்காரர் எனக்கு விளக்குகிறார். அப்போ என் கதை எங்கே? காலமெல்லாம் நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்தது யாருக்குத் தெரியும்?

இதில் கூத்து என்னவென்றால், அவளே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "வாங்க அண்ணி, இதைக் கேளுங்க. யாரோ ஒருத்தி, என்ன துணிச்சல் பாருங்க!" என்கிறாள். நக்கலைப் பார்த்தாயா? "யாரோவா? நீதான்டி அது!" என்றேன். "நானா? நெஜமாவா அண்ணி?" என்று வாயைப் பிளக்கிறாள். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே படத்தைக் கழற்று, என் குரலை அழி. இல்லாவிட்டால் நானே வந்து ஒயரைப் பிடுங்குவேன். நீயும் உன் மைக்கும் பழுதில்லாமல் பல காலம் இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
மாடி வீட்டுப் பாட்டி

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லி நாத்தனார் மகனைக் கூப்பிட்டேன். போன மழைக்காலத்திலிருந்தே அவன் அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறதாம். என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை, அதையும் மனசில் வைத்திருக்கிறேன். தினமும் நூலகத்துக்குக் கூட்டிப் போ என்று அடம் பிடிக்கிறாளாம், அங்கே போய்க் கேட்டால்தான் தான் யாரென்று தெரிகிறதாம். அதனால் எதையும் அழிக்காதே. திங்கட்கிழமை மைக்கைத் தூக்கிக்கொண்டு வா. அவள் செய்தது இன்னும் எக்கச்சக்கம் பாக்கி இருக்கிறது. நல்லதும் ஒண்ணு ரெண்டு செய்திருப்பாள், யோசித்து வைக்கிறேன். காலர் விஷயத்தை மட்டும் எடுத்துவிடாதே. அது அவளுக்குத் தெரிந்தே ஆகணும்.