தரைக்கும் அவருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி

மனித உடலிலுள்ள தசைகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரே மனிதருக்கு எதிராகச் சதி செய்ததை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அந்தச் சதியை மூன்றாண்டுகள் போராடி முறியடித்தவர், மலையாள நாட்டு எல்லைக்குள் இருக்கும் எங்கள் சித்தூரில் தென்னை ஏறிக் கள் இறக்குபவர். உடற்கூற்றியலை முப்பது ஆண்டுகள் கல்லூரியில் போதித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அவர் செய்தது நடக்கக்கூடிய காரியமே அல்ல.

ஊர் அவரைக் கவட்டை என்று அழைத்தது. அச்சில் ஏற்றச் சற்றுத் தயங்க வேண்டிய பெயர். ஆனால், "கவட்டை வந்திருக்கேனுங்க!" என்று அவரே எங்கள் கேட்டில் நின்று குரல் கொடுப்பவர் ஆதலால், நான் தயங்குவதில் நியாயமில்லை.

எங்கள் வீட்டு மாடிக் கூடத்தை என் மனைவி ஒரு கராத்தே வகுப்புக்கு விட்டிருந்தாள். எனக்கு அதில் சம்மதமில்லை. என் சம்மதத்தை அவள் கேட்கவும் இல்லை. மாடிச் சன்னலுக்கு நேர் எதிரே கொல்லைத் தென்னையின் உச்சி. காலையில் பாளை சீவ ஏறும் கவட்டை, அந்த உச்சியில் அமர்ந்தபடியே ஒரு மாதம் வகுப்பை வேடிக்கை பார்த்திருக்கிறார். இரு கால்களையும் இரு பக்கமும் விரித்துப் பிள்ளைகள் தரையோடு தரையாய் உட்காருவதை மாஸ்டர் 'ஸ்பிளிட்' என்பார். அதில்தான் அவர் மனம் சிக்கியது. ஒரு நாள் மரத்திலிருந்து இறங்கி, இடுப்பில் கத்திப் பெட்டியோடு நேரே மாடி ஏறிவிட்டார்.

"மாஸ்டர், அந்தக் கால விரிக்கறத மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க. அடிதடியெல்லாம் வேண்டாமுங்க."

"வயசு என்னங்கண்ணா ஆச்சு?"

"நாப்பத்தொம்பது. ஆனா கால் ரெண்டும் எனக்கு அப்புறந்தானுங்க நடக்கப் பழகுச்சு. அதுக்கு வயசு கம்மி."

முதல் முயற்சியில் அவர் கால்கள் விரிந்த அளவைக் கண்டு வகுப்பே மூச்சடக்கியது. கீழே ஓர் ஆட்டுக்குட்டி தலை நிமிர்ந்து நடந்து போகலாம். வகுப்பின் சத்தம் சட்டென நின்றதால் மேலே வந்த என் மனைவி ஒரு பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து அவருக்குக் கீழே வைத்தாள். குடத்துக்கு மேலும் இடம் மிச்சமிருந்தது.

"மாசா மாசம் அளப்பேன். இந்தக் கொடம் இருக்கற எடத்துல நீங்க உக்காரோணும். முடியுமா?"

"உக்காருவனுங்கக்கா. இதே எடத்துல, உங்க கண்ணு முன்னால."

அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் எடுத்த முயற்சிகளை ஊரே சகித்துக்கொண்டது. பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒரு கால் தரையிலும் மறு கால் யாரோ ஒருவர் வீட்டு மதிலிலும் இருக்கும். கல்யாணப் பந்தியில் கால்களை அகட்டி உட்கார்ந்து மூன்று இலைக்கான இடத்தைப் பிடித்துக்கொள்வார். தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காகப் போனவர், முழங்காலை மடக்கித் தொடையை அகட்டி, இல்லாத குதிரைமேல் அமர்ந்த நிலையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். பதறிப்போன குமாஸ்தா, "இரிக்கு சேட்டா" என்று மலையாளத்தில் நாற்காலியைக் காட்டினார். கவட்டை அசையவில்லை.

"உக்காந்துதானுங்க இருக்கேன்."

இவ்வளவு செய்தும் ஓராண்டில் குடத்தின் இடத்துக்குக் குண்டா வந்ததே தவிர, உடல் அதற்குக் கீழே இறங்க மறுத்தது. பொறுமையிழந்த கவட்டை, கள் இறக்குபவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இரண்டு தென்னைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மரம் ஏறும் கயிற்றால் ஒவ்வொரு கணுக்காலையும் ஒவ்வொரு மரத்தோடு பிணைத்து, கூட்டாளிகள் இருவரை முறுக்கச் சொன்னார். அவர்களும் தொழில் தெரிந்தவர்கள், நன்றாகவே முறுக்கினார்கள். அன்று எழுந்த அலறலில் பக்கத்துத் தோப்புக் கொக்குகள் கலைந்து பறந்தன என்பார்கள். பதினோரு நாள் அவரால் மரம் ஏற முடியவில்லை. சீவப்படாத பாளைகள் வீணாயின.

நொண்டியபடி வந்தவரிடம் நான் படம் போட்டு விளக்கினேன். "உம்முடைய உட்தொடைத் தசைகள் முப்பது வருடமாக மரத்தை இறுக்கிப் பிடித்தவை. விட்டால் செத்தாய் என்ற ஒரே பாடத்தைத்தான் அவை படித்திருக்கின்றன. அவற்றைப் போய் விரி என்றால் எப்படி விரியும்? இது ஆகாத காரியம்."

கவட்டையின் முகம் தொங்கிவிட்டது. காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவேயில்லை.

"ஏனுங்க, விடத் தெரியாததப் போயி விடச் சொன்னா? புடிக்கச் சொல்லுங்க. தரையையும் மரம்னு நெனச்சு நல்லா இறுக்கிப் புடிக்கட்டும். களைச்சா அதுவா விட்டுட்டுப் போகுது."

நான் சிரித்தேன். அன்று மாலை, சிரித்ததற்கு ஆதாரம் தேடிப் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னது அங்கே நல்ல ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது: நீட்டிய நிலையிலேயே தசையை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும்; பிறகு தளர்த்த வேண்டும்; அப்போது அது முன்பைவிடச் சற்று அதிகம் நீளச் சம்மதிக்கும். தன்னால் தாங்க முடியும் என்று நம்பிய தூரம் வரைதான் தசை போகும். முப்பது ஆண்டுகள் நான் போதித்த பாடத்தில் இப்படியொரு பக்கம் இருந்ததை நான் கவனித்ததில்லை.

அதன்பின் நான் கண்டதை வியப்பு என்ற சொல்லில் அடக்க இயலாது. கவட்டை கால்களை அகட்டி இறங்குவார். இரு குதிகால்களாலும் தரையை, அது ஓர் அறுபதடித் தென்னை என்பதுபோல, உள்நோக்கி இறுக்குவார். பத்து மூச்சு. கழுத்து நரம்புகள் புடைக்கும். பிறகு ஒரு பெருமூச்சோடு விடுவார். உடல் ஒரு நெல்மணி அளவு இறங்கும். மணல் மூட்டையைத் தோளில் சுமந்து, அகன்ற கால்களோடு உட்கார்ந்து எழுவார். என் மனைவி மாதந்தோறும் அளந்தாள். குண்டா போய்ச் செங்கல் வந்தது. செங்கல் போய்த் தேங்காய் மூடி. பிறகு நிறுத்திவைத்த தீப்பெட்டி. பிறகு அதே தீப்பெட்டி, படுக்கை வாட்டில்.

அந்த மாதத்தில் என் மனைவி காலமானாள்.

மாடி வகுப்பை நான் நிறுத்திவிட்டேன். மாஸ்டர் மறுப்பேதும் சொல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாறிக்கொண்டார். மாடியைப் பூட்டிச் சாவியை அலமாரியில் வைத்தேன். கவட்டை மட்டும் வழக்கம்போல் கொல்லைத் தென்னைக்கு வந்துபோனார்.

நாற்பது நாட்கள் கழிந்திருக்கும். மர உச்சியிலிருந்து குரல் வந்தது.

"சார்! அந்தத் தீப்பெட்டி சன்னல் திட்டு மேலயே இருக்குதுங்க. அக்கா வெச்சது. எடுத்துராதீங்க."

அண்ணாந்து பார்த்தேன். "அது இனி எதற்கு? மண்டபத்தில்தான் பயிற்சி செய்கிறீரே, அங்கேயே அளந்துகொள்ளலாமே."

"அது எப்புடிங்க? கொடம் இருந்த எடத்துல உக்காருவேன்னு அக்காகிட்டச் சொன்னது. வேற தரையில போயி உக்காந்தா அது கணக்காகுமுங்களா?" அவர் கத்தி மறுபடி பாளையைச் சீவத் தொடங்கியது. "எனக்கு இன்னும் ஒரு தீப்பெட்டிதானுங்க பாக்கி."

மறுநாள் காலை மாடியைத் திறந்தேன். கூடம் முழுவதும் புழுதி. கவட்டை தோளிலிருந்த துண்டால் ஒரு வட்டம் துடைத்தார். எந்த வட்டம் என்று இருவருக்கும் தெரியும். தீப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கினார்.

இறுக்கினார், விட்டார். இறுக்கினார், விட்டார். எட்டாவது முறை விட்டபின் அதற்குமேல் அவர் இறங்கவில்லை. நான் மண்டியிட்டுக் குனிந்து தீப்பெட்டியைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. சட்டைப்பையிலிருந்த காகிதத்தைச் செருகிப் பார்த்தேன். அதுவும் நுழையவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மரத்தைத் தவிர வேறெதையும் அறியாத இரு கால்கள் ஒரே நேர்கோடாய்க் கிடந்தன. என் வகுப்பறை எலும்புக்கூட்டை வைத்துக்கூட நான் அப்படி ஒரு கோட்டைப் போட்டுக் காட்டியதில்லை.

"தொட்டாச்சுங்களா?"

"தொட்டாயிற்று."

அவர் இரு கைகளையும் தரையில் ஊன்றிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரல்: "சார், எந்திரிக்க வரமாட்டேங்குது. ஒரு கை குடுங்க."

கொடுத்தேன். அவர் இழுத்த இழுப்பில் நான்தான் அவர் பக்கத்தில் போய் விழுந்தேன். இரண்டு ஆண்பிள்ளைகள் புழுதியில் கிடந்து கூரையைப் பார்த்தோம்.

"அக்கா இருந்திருந்தா இப்ப என்னங்க சொல்லியிருப்பாங்க?"

"அடுத்ததாக எழுந்திருக்கப் பழகு என்றிருப்பாள்."

"ஆமாங்க. விடமாட்டாங்க."

மாடியை நான் மறுபடி பூட்டவில்லை. வகுப்பு திரும்பி வந்துவிட்டது. தீப்பெட்டி சன்னல் திட்டில்தான் இருக்கிறது. தினமும் காலையில் கவட்டைக்குக் கை கொடுக்க நான் மாடி ஏறுகிறேன். இப்போதெல்லாம் யார் துணையும் இல்லாமலே எழும் பலம் அவருக்கு வந்துவிட்டது. ஆயினும் நான் கையை நீட்டுகிறேன். அவரும் அதைப் பிடித்துக்கொண்டே எழுகிறார்.