இரத்த வகை: மேற்படி

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்து போனபோது, பச்சை அட்டை நோட்டு ஒன்று தவறுதலாக உங்கள் பையில் ஏறிக்கொண்டதா என்று பார்க்கவும். சந்தேகமெல்லாம் இல்லை, மாப்பிள்ளை. கட்டிலடி, பரண், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் தேடியாயிற்று. மீதி உங்கள் பைதான். "போன்ல கேட்டா என் தம்பியத் திருடன்னு சொன்ன மாதிரி இருக்கும், எழுதிக் கேளுங்க" என்று உங்கள் அக்காவே காலண்டர் தாள் அட்டை போட்ட நோட்டு ஒன்றை நீட்டினாள். கடைசியிலிருந்து நாலு தாள் கிழித்து, வெற்றுப் பக்கமாகப் பார்த்து எழுதுகிறேன்.

என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், அலுவலகத்தில் தரவுத்தள நிபுணர். டேட்டாபேஸ் என்பார்கள். என்ன வேலை என்றால், "பத்து லட்சம் பேர் விவரம், ஒருத்தரோடது இன்னொருத்தர்கிட்ட ஒட்டாமப் பாத்துக்கிறதுப்பா" என்பாள். எனக்கோ மூன்று பேர் இருக்கிற வீட்டில் எது என் செருப்பு என்பதே குழப்பம். அவள் சும்மா இராமல், எங்கள் மூன்று தெருவுக்கும் இரத்தம் கொடுப்பவர் பட்டியல் தயாரித்து வருகிற சனிக்கிழமை மருத்துவமனையில் ஒப்படைப்பதாகக் குடியிருப்போர் சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள். நானாவது சும்மா இருந்தேனா? வீடு வீடாகப் போய் அந்தப் பச்சை நோட்டில் கேட்டெழுதிக் கணினியிலும் நானே ஏற்றுகிறேன் என்று கிளம்பினேன். முப்பது வருஷம் கிடங்கில் இருப்புப் பதிவேடு எழுதிய கை. மேல்வரியில் உள்ளதே கீழேயும் வந்தால் திரும்ப எழுதுமா? தையற்காரருக்கு ஓ பாசிட்டிவ். அவர் மனைவிக்கும் அதுவே, ஆகவே மேற்படி. பக்கத்து வீட்டுக் கொத்தனார், மேற்படி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் தொண்ணூறு பேர் மேற்படி! அதைக் கணினியிலும் எழுத்துப் பிசகாமல் ஏற்றினேன். அதோடு விட்டேனா? பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று எல்லோரையும் அகரவரிசையில் நிற்க வைத்துச் சேமித்தும் தொலைத்தேன்.

"அப்பா, இது என்ன புது இரத்த வகை?"

"மேல பாரும்மா, அதேதான்."

"முதல் ஆளே மேற்படி. அவருக்கு மேல ஃபேன்தாம்பா இருக்கு!"

தையற்காரர் மனைவி இப்போது கடைசிப் பக்கத்தில், ஏ நெகட்டிவ் பல் மருத்துவருக்குக் கீழே நிற்கிறார். "அவசரத்துக்கு இத நம்பி யாரப்பா கூப்பிடறது?" என்றாள் மகள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டு கிடைத்தால் பழைய வரிசை கிடைக்கும். சங்கத் தலைவரோ என்னைத் தெருவில் நிறுத்தி, "என்ன சார், டேட்டாபேஸ்காரங்க வீட்லயே டேட்டாவக் காணோமாமே?" என்கிறார். சரி, மறுபடி கேட்டுவிடுவோம் என்று போனால் பாதி வீடு பூட்டு. திறந்திருந்த தையற்காரர், "போன வாரம் சொன்ன அதே ரத்தம்தாங்க, இன்னும் மாத்தல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளை கொடுத்த வாக்கு என்னால் போய்விடும் போலிருக்கிறது. தயவுசெய்து பையைக் கவிழ்த்துப் பார்க்கவும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு மேற்படி. உங்கள் அக்காவும் மேற்படி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
குழம்பிப்போன அத்தான்

பின்குறிப்பு: மகள் இப்போதுதான் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அந்தத் தாளத் திருப்புங்க." திருப்பினேன். கடைசி என்று நான் கிழித்தது நோட்டின் முதல் தாள்களை; தலைகீழாகத் தையற்காரர், ஓ பாசிட்டிவ். அடுத்த வரி, மேற்படி. "பொதுக் காரியம், அழுக்காகக் கூடாதுன்னு நான்தான் அட்டை போட்டேன். நீங்க பச்சை நோட்டுன்னுதானே தேடினீங்க? இது பச்சையா?" என்கிறாள் உங்கள் அக்கா. மகள் சிரித்தாள், ஒரு வாரத்தில் முதல் தடவையாக. ஆகவே உங்கள் பை குற்றமற்றது. இந்தக் கடிதத்தையும் உங்களுக்கு அனுப்புவதற்கில்லை. இதன் முதுகில் அறுபது பேர் இரத்தம் ஓடுகிறது.